கேசட் டிஜிட்டல் ஆகிவிட்டது. டிவியில் ஓட மாட்டேன் என்கிறது!
வாசகர் கேள்வி–பதில்

பழைய வீட்டு வீடியோக்களை டிஜிட்டலாக்கிய பிறகு வரும் சிக்கல்களைப் பற்றிக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. அதை முதலில் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

திருநெல்வேலி வாசகி: 1996-ல் எடுத்த எங்கள் கல்யாண விஎச்எஸ் கேசட்டைக் கடையில் கொடுத்து ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வாங்கினோம். மூன்று மணி நேரம் ஓடும் ஒரே ஏவிஐ ஃபைல், 39 ஜிபி. கம்ப்யூட்டரில் விஎல்சியில் நன்றாக ஓடுகிறது. டிவியில் செருகினால் 'இந்த ஃபைலை இயக்க முடியாது' என்று வருகிறது. பெயரின் கடைசியில் எம்பி4 என்று மாற்றியும் பார்த்தேன். பயனில்லை.

மணிக்கு 13 ஜிபி என்ற கணக்கைப் பார்த்தாலே தெரிகிறது, உங்களிடம் இருப்பது டிவி என்ற கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறையில், பதிவான ஃபைல் (தொலைக்காட்சி இல்லை, மினி டிவி கேமராக்களில் இருந்த டிஜிட்டல் வீடியோ முறை). கடைக்காரர் நல்ல வேலைதான் செய்திருக்கிறார். இந்த முறையில் தரம் அதிகம் கெடாது. ஆனால் தொலைக்காட்சியில் உள்ள சிப்புக்கு இதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. ஏவிஐ, எம்பி4 என்பதெல்லாம் வெளி உறைதான். உள்ளே இருக்கும் கோடெக் மாறாதவரை உறையின் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. பெயரைப் பழையபடி ஏவிஐ என்றே வைத்துவிடுங்கள்.

அந்த 39 ஜிபி ஃபைலை அழிக்காதீர்கள். அதுதான் மூலம். இன்னொரு ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு நகல் போட்டு வையுங்கள். டிவியில் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு பிரதி தயாரிப்போம். எச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ, எம்பி4 உறை: இந்த மூன்றும் சேர்ந்தால் கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வந்த அநேகமாக எந்த டிவியிலும் ஓடும். எச்.265 போட்டால் இடம் குறையும் என்பார்கள். கேசட் வீடியோவுக்கு அந்த மிச்சம் தேவையில்லை. பழைய டிவி உள்ள உறவினர் வீட்டில் அது ஓடாமல் போகவும் கூடும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபைலைத் திறந்து, ஃபார்மட் என்ற இடத்தில் எம்பி4 தேர்ந்தெடுங்கள். அடுத்து டைமென்ஷன்ஸ் பக்கம். நம் ஊர் டிவிகள் பின்பற்றிய 'பால்' (PAL) என்ற முறையில் வீடியோ 720×576 புள்ளிகள் கொண்டது. ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 4:3 படத்தைச் சதுரப் புள்ளியில் எழுதினால் 768×576 வர வேண்டும். அனமார்ஃபிக் என்பதை 'நன்' (None) ஆக்குங்கள். ரெசல்யூஷன் லிமிட்டையும் 'நன்' ஆக்குங்கள். 'அலோ அப்ஸ்கேலிங்' கட்டத்தில் டிக் போட்டு, 'ஆப்டிமல் சைஸ்' டிக்கை எடுத்துவிட்டு, அகலம் 768, உயரம் 576 என்று கொடுங்கள். அகலம் 720, உயரம் 540 என்று வந்து நின்றால் அப்ஸ்கேலிங் டிக் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் உயரத்தில் 36 வரி அளவுக்குத் தரம் போய்விடும்.

படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து நெளிவது போலத் தெரியும். விசிஆரின் சுழலும் ஹெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய பெட்டி டிவிகளில் திரையின் விளிம்புச் சட்டம் மறைத்துவிடும். தட்டை டிவியில் பளிச்சென்று தெரியும். கிராப்பிங்கை கஸ்டம் ஆக்கி, கீழே 8 முதல் 12 வரிகள் வெட்டலாம். வெட்டினால் உயரத்தையும் அந்த அளவு குறைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் முகம் நீண்டுவிடும். தானாக வெட்டும் ஆட்டோமேட்டிக் கிராப்பிங்கை மட்டும் நம்பாதீர்கள். மண்டபத்தில் விளக்கு அணைந்த காட்சியைப் பார்த்துவிட்டு, கறுப்பு ஓரம் என்று நினைத்து அதிகமாக நறுக்கிவிடும்.

ஃபில்டர்ஸ் பக்கம்தான் முக்கியம். 'இன்டர்லேஸ் டிடெக்ஷன்' ஆஃப். 'டீஇன்டர்லேஸ்' என்பதில் பிடபிள்யூடிஃப், அதன் ப்ரீசெட் 'பாப்'. உங்கள் பதிப்பில் அது இல்லையென்றால் யாடிஃப் போதும். எதற்கு இது என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறோம்.

வீடியோ பக்கத்தில் எச்.264 (எக்ஸ்264), ஃபிரேம்ரேட் 50, அதன் கீழே 'கான்ஸ்டன்ட்'. தரம் ஆர்எஃப் 18 முதல் 20 வரை. இந்த எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். என்கோடர் ப்ரீசெட் 'ஸ்லோ', ப்ரொஃபைல் 'ஹை', லெவல் 4.0. ஆடியோ பக்கத்தில் ஏஏசி, 160 கேபிபிஎஸ், சாம்ப்ளிங் 48. இந்தக் கடைசி எண்ணை விட்டுவிடாதீர்கள். மினி டிவி கேமராக்கள் சிலவற்றில் ஒலி 32 கிலோஹெர்ட்ஸில் பதிவாகியிருக்கும். அதை அப்படியே விட்டால் சில டிவிகளில் சத்தம் வராது, அல்லது உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் என்று போகும்.

மூன்று மணி நேரத்தையும் ஒரேயடியாக மாற்ற உட்காராதீர்கள். 'ரேஞ்ச்' என்ற இடத்தில் செகண்ட்ஸ் தேர்ந்தெடுத்து ஒரு நிமிடம் மட்டும் மாற்றிப் பாருங்கள். யாராவது நடக்கும் இடம், அல்லது கேமரா பக்கவாட்டில் திரும்பும் இடமாகப் பார்த்து எடுங்கள். தாலி கட்டும் காட்சியில் எல்லாரும் அசையாமல் நிற்பார்கள், அதில் குறை தெரியாது. ஊர்வலமோ குழந்தைகள் ஓடுவதோ சோதனைக்கு நல்லது. டிவியில் அந்த ஒரு நிமிடம் சரியாக ஓடினால் முழுதும் மாற்றுங்கள். நொடிக்கு 3 மெகாபிட் அளவில் வந்தால் மணிக்கு சுமார் 1.35 ஜிபி ஆகும். கேசட்டில் இரைச்சல் அதிகமென்றால் இன்னும் கூடும்.

கோயம்புத்தூர் வாசகர்: கடையில் எம்பி4 ஆகவே கொடுத்தார்கள். டிவியில் ஓடுகிறது. ஆனால் யாராவது கை வீசினால் கையைச் சுற்றிக் கிடைக்கோடுகள். ஒரு மென்பொருளில் மாற்றினேன், கோடு போயிற்று. இப்போது அசைவுகள் விட்டு விட்டு வருகின்றன. எது சரி?

இரண்டுமே சரியில்லை. கேசட்டில் நொடிக்கு 25 முழுப் படங்கள் கிடையாது, 50 அரைப் படங்கள் உண்டு. அவற்றுக்கு ஃபீல்டு என்று பெயர். ஒன்று ஒற்றைப்படை வரிகளைக் கொண்டது, அடுத்தது இரட்டைப்படை வரிகளை. இரண்டும் ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் எடுக்கப்பட்டவை. பழைய பெட்டி டிவி ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். இன்றைய திரை முழுப் படத்தைத்தான் காட்டும். இரண்டு அரைகளையும் அப்படியே ஒட்டினால், இடைவெளியில் கை நகர்ந்துவிட்டதால் ஓரங்கள் சீப்புப் பல்லாகத் தெரியும்.

உங்கள் மென்பொருள் இரண்டில் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு 25 ஆக்கியிருக்கிறது. கோடு போகும், அசைவில் பாதியும் போகும். 'பாப்' முறை ஒவ்வொரு அரைப் படத்திலிருந்தும் ஒரு முழுப் படம் செய்து நொடிக்கு 50 தரும். கேசட்டை அந்தக் காலத்தில் டிவியில் பார்த்தபோது இருந்த வழுக்கல் அப்போதுதான் திரும்பக் கிடைக்கும். மேலே ஃபிரேம்ரேட் 50 என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பாப் போட்டுவிட்டு ஃபிரேம்ரேட்டை 25-ல் விட்டால் பாடுபட்டு எடுத்த பாதியை மறுபடி எறிந்துவிடும்.

கடைக்காரர் கொடுத்த ஃபைலையே சரிசெய்ய முடியுமா? மீடியாஇன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில் திறந்து உயரத்தைப் பாருங்கள். 576 என்றால் பிழைத்தீர்கள். 'ப்ரோக்ரசிவ்' என்று அது பொய் சொன்னாலும் வரிகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இன்டர்லேஸ் டிடெக்ஷனை ஆஃப் செய்து பாப் போட்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும். உயரம் 720, 1080 என்றிருந்தால் கோடுகளோடு சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, பிரிக்க வழியில்லை. மூல ஃபைலைக் கேளுங்கள், இல்லையென்றால் கேசட்டை மறுபடி ஏற்றுங்கள்.

பாப் போட்ட பிறகு உருவங்கள் ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று குலுங்கினால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது. டிவி கோடெக் ஃபைலில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். மேல் ஃபீல்டு முதலில் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் இந்தக் குலுக்கல் வரும். ஹேண்ட்பிரேக்கில் யாடிஃப் தேர்ந்தெடுத்து, ப்ரீசெட்டை கஸ்டம் ஆக்கி, மோட் 7 என்றும் பாரிட்டி 1 என்றும் கொடுத்தால் கீழ் ஃபீல்டை முதலில் எடுக்கும். மேல் ஃபீல்டு முதலில் வேண்டுமென்றால் பாரிட்டி 0.

தஞ்சாவூர் வாசகி: எங்களிடம் கேசட் இல்லை. 2001-ல் ஸ்டுடியோவில் கொடுத்த மூன்று விசிடிகள்தான் உண்டு. உள்ளே டாட் (.DAT) என்று முடியும் ஃபைல்கள். இதை எப்படி டிவிக்குக் கொண்டுவருவது?

முதல் வேலை, இன்றே அவற்றைக் கம்ப்யூட்டரில் நகலெடுப்பது. விசிடியில் வீடியோ பதியும் விதத்தில், டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தும் ஏற்பாடு கிடையாது. அந்த இடத்தையும் வீடியோவுக்கே கொடுத்துவிட்டார்கள். எனவே டேட்டா சிடியைப் பாதிக்காத கீறல்கூட விசிடியைப் பாதிக்கும்.

வட்டில் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் ஏவிசெக்01 என்று தொடங்கும் ஃபைல் இருக்கும். அதை இழுத்து ஹார்டு டிஸ்க்கில் போடுங்கள். பாதியில் நின்றால், மென்மையான துணியில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பிறகு வேறொரு டிரைவில் முயன்று பாருங்கள். ஒரே வட்டை ஒரு டிரைவ் படிக்காமல் இன்னொன்று படிப்பது சாதாரணம்.

நகலின் பெயரில் டாட் என்பதை எடுத்துவிட்டு எம்பிஜி என்று மாற்றுங்கள். திருநெல்வேலி வாசகிக்குச் சொன்னதற்கு இது முரண் இல்லை. உள்ளே இருப்பது உண்மையிலேயே எம்பெக்-1 வீடியோ என்பதால் இங்கே பெயர் மாற்றம் பலிக்கும். சில டிவிகள் அப்படியே ஓட்டிவிடும். ஓடாவிட்டால் ஹேண்ட்பிரேக். ஆனால் அமைப்புகள் வேறு: விசிடி 352×288 புள்ளிகள், நொடிக்கு 25 முழுப் படங்கள். அரைப் படங்கள் கிடையாது. டீஇன்டர்லேஸ் ஆஃப், ஃபிரேம்ரேட் 25, அளவு 384×288. ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ், அதை அப்படியே விடலாம். படத்தில் தெரியும் சதுரக் கட்டங்கள் அன்றே பதிவானவை. அவை போகாது. அதே கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட் எந்தச் சொந்தக்காரர் பரணிலாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். பூஞ்சை பிடிக்காத கேசட்டாக இருந்தால் விசிடியைவிட அது மேல்.

டொரான்டோ வாசகர்: இங்கே எடுத்த கேசட்டுகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேசட்டுகளும் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கனடாவில் எடுத்தது என்டிஎஸ்சி என்ற வட அமெரிக்க முறை: 720×480, நொடிக்கு 29.97 படம். இலங்கையில் எடுத்தது பால்: 720×576, நொடிக்கு 25. கனடா ஃபைலுக்கு அளவு 640×480, ஃபிரேம்ரேட் 59.94. யாழ்ப்பாணத்து ஃபைலுக்கு மேலே சொன்ன 768×576, 50. யூஎஸ்பி வழியாகப் போடும்போது டிவி பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். ஒரு நிமிடத் துண்டைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது வேறு. யாழ்ப்பாணத்துக் கேசட்டின் ஃபைல் மீடியாஇன்ஃபோவில் 480 வரி, 29.97 என்று காட்டினால், டிஜிட்டலாக்கும்போதே முறை மாற்றி எடுத்திருக்கிறார்கள். இரண்டு படங்களைக் குழைத்து ஒன்றாக்கிய நிழல் அதில் இருக்கும். எந்த மென்பொருளாலும் அதை முழுதாக எடுக்க முடியாது. பால் கேசட்டை அப்படியே பால் ஆக வெளியே தரும் விசிஆரும், பால் சிக்னலை அப்படியே வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கேப்சர் கருவியும் வைத்திருக்கும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள். வெறுமனே 'மல்டி சிஸ்டம்' என்ற பெயரை நம்பாமல், ஃபைல் 25 ஃபிரேமில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.

புதுச்சேரி வாசகர்: தாத்தா 1974-ல் எடுத்த சூப்பர் 8 சுருள்களை ஸ்கேன் செய்தோம். டிவியில் எல்லாரும் வேக வேகமாக நடக்கிறார்கள்.

ஒலியில்லாத சூப்பர் 8 பொதுவாக நொடிக்கு 18 படம் என்று எடுக்கப்பட்டது. ஸ்கேன் செய்தவர் ஒரு படத்துக்கு ஒரு ஃபிரேம் என்று சரியாக எடுத்து, 25-ல் ஓடவிட்டிருக்கிறார். உறுதி செய்துகொள்ள ஒரு கணக்கு உண்டு. 50 அடிச் சுருளில் 3,600 படங்கள். நொடிக்கு 18 என்றால் 3 நிமிடம் 20 நொடி ஓட வேண்டும். 25-ல் ஓடினால் 2 நிமிடம் 24 நொடியில் முடிந்துவிடும். உங்கள் ஃபைலின் நீளத்தைப் பாருங்கள்.

எந்த வீடியோ எடிட்டரிலும் வேகத்தை 72 சதவீதம் ஆக்கினால் தீர்ந்தது. சூப்பர் 8-க்கு முந்தைய சாதாரண 8 மி.மீ. சுருளென்றால் 16 படம், 64 சதவீதம். வேகம் மாற்றும்போது 'ஃபிரேம் பிளெண்டிங்', 'ஆப்டிகல் ஃப்ளோ' போன்றவற்றை அணைத்து வையுங்கள். இல்லாத படங்களை அவை இட்டுக்கட்டும். ஃபிலிமில் அரைப் படம் என்பதே கிடையாது என்பதால் டீஇன்டர்லேஸும் தேவையில்லை.

சேலம் வாசகர்: பென்டிரைவில் 6 ஜிபி ஃபைலை ஏற்ற முடியவில்லை, 'ஃபைல் மிகப் பெரியது' என்கிறது. ஆனால் 32 ஜிபி டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது.

டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள் (உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு). உங்கள் டிவி பழையதாக இருந்து எக்ஸ்ஃபேட்டைக் கண்டுகொள்ளாவிட்டால், ஃபேட்32-லேயே வைத்து வீடியோவை நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று துண்டாக்குங்கள். பார்ப்பதற்கும் அதுதான் வசதி. ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலும் 01, 02 என்ற எண்ணிலும் தொடங்குங்கள். தமிழ்ப் பெயர் சில டிவிகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும்.

போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் செருகினால் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது என்று வேறு இரண்டு கடிதங்கள். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர்தான், டிஸ்க் சுழலத் தொடங்க அது போதாமல் போகலாம். டிவியின் பின்னால் 'எச்டிடி' என்று எழுதிய துளை இருக்கிறதா பாருங்கள்.

நாகர்கோவில் வாசகி: சத்தம் இடது ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது.

விசிஆரில் ஒற்றை ஒலி, கேப்சர் கருவியில் இரண்டு துளை, ஒன்றில்தான் வயர் செருகியிருக்கிறார்கள். ஹேண்ட்பிரேக் ஆடியோ பக்கத்தில் மிக்ஸ்டவுன் என்பதை 'மோனோ (லெஃப்ட் ஒன்லி)' ஆக்குங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் வரும். வெறும் 'மோனோ' போட்டால் காலியான பக்கத்தின் இரைச்சலும் சேர்ந்துவிடும்.

ஈரோடு வாசகர்: ஏஐ கொண்டு 4கே ஆக்கித் தருவதாக விளம்பரம் பார்த்தேன். செய்யலாமா?

நாங்கள் செய்ய மாட்டோம். விஎச்எஸ்ஸில் பக்கவாட்டில் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் விவரம் பதிவாகும். கூட்டத்தில் நிற்கும் ஒரு பாட்டியின் முகம் அதில் இருபது முப்பது புள்ளிதான். அதிலிருந்து ஏஐ வரைவது பாட்டியின் முகம் அல்ல, ஏதோ ஒரு பாட்டியின் முகம். கிட்டத்தில் எடுத்த காட்சிகளில் தோல் மெழுகு பூசியது போலாகும். பெரிதாக்கும் வேலையை டிவியே ஓரளவு நன்றாகச் செய்கிறது.

அந்தச் செலவுக்குப் பதில் டிவியின் பிக்சர் மெனுவில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஷார்ப்னஸைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். கேசட்டின் இரைச்சலைத் தூக்கிக் காட்டுவது அதுதான். அசைவை மென்மையாக்கும் வசதியை (எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று இருக்கும்) அணைத்துவிடுங்கள். நாம் கொடுப்பதே நொடிக்கு 50 படம், அதற்கு மேல் அது சேர்க்க ஒன்றுமில்லை. பிக்சர் சைஸை ஒரிஜினல் அல்லது 4:3-ல் வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். திரை நிறைய வேண்டும் என்று இழுத்தால் மாப்பிள்ளை பெண் இருவருமே மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள்.